20-ம் தேதி வேலை 9-ம் தேதியே தொடங்குகிறது

கேள்வி: திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப் எல்லாமே மாதாமாதம் கெடு முடியும் நாளில்தான் முடிகிறது. 19, 20 தேதிகளில் வீட்டுக்குப் போக ராத்திரி பதினொன்று ஆகிவிடுகிறது. நான் மெதுவாக வேலை பார்ப்பதாக முதலாளி நினைக்கிறார். நேரத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: நீங்கள் மெதுவாக வேலை பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பில்கள் எல்லாம் டேலி மென்பொருளில் ஏறியிருந்தால், உங்கள் அளவு கம்பெனிக்கு 3பி (20-ம் தேதிக்குள் மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட அரை நாள் போதும். மற்ற நேரம் எல்லாம் காத்திருப்பதில் போகிறது. டையிங் பில் வந்திருக்காது, பிரிண்டிங்காரர் அவருடைய ரிட்டர்ன் போட்டிருக்க மாட்டார், முதலாளி பணம் ஒதுக்கியிருக்க மாட்டார். ஆகவே உங்கள் வேலைக்குத் தேதி குறிப்பதை விட, மற்றவர்கள் உங்களுக்குத் தர வேண்டியவற்றுக்குத் தேதி குறியுங்கள். இதற்குச் செல்போன் ஆப் எதுவும் வேண்டாம், மேஜை மேல் இருக்கும் காலண்டர் போதும்.

முதலில் 9-ம் தேதியை வட்டம் போடுங்கள். உங்களுக்குச் சரக்கோ ஜாப் ஒர்க்கோ தருபவர்கள் மாதக் கணக்கில் ரிட்டர்ன் போடுபவர்களாக இருந்தால், அவர்கள் விற்ற பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 11. அதற்குள் அவர்கள் போட்டால்தான் 14-ம் தேதி போர்ட்டலில் வரும் உங்கள் 2பி பட்டியலில் அந்தப் பில் தெரியும். தவறினால் அந்த கிரெடிட் (பில்லில் நீங்கள் கொடுத்த வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) அடுத்த மாதம்தான், அதுவரை அந்தத் தொகையை உங்கள் கம்பெனி கையிலிருந்து கட்ட வேண்டும். பலர் 2பி-யைப் பார்த்த பிறகுதான் போனை எடுக்கிறார்கள். அப்போது திட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது. வழக்கமாக இழுத்தடிக்கும் நாலைந்து பார்ட்டிகள் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களை மட்டும் 9-ம் தேதி காலையில் கூப்பிட்டு, பில் நம்பரைச் சொல்லி, "ஒன்னுல ஏத்திட்டீங்களாண்ணா?" என்று கேட்டுவிடுங்கள். பில் நம்பரோடு கேட்பவருக்குத் தனி மரியாதை உண்டு. உங்கள் ஜிஎஸ்டிஆர்-1-க்கும் இதே கணக்குதான். நீங்கள் தாமதித்தால் உங்களிடம் வாங்குபவர் பேமென்ட்டை நிறுத்தி வைப்பார்.

அடுத்தது முதலாளி. "சார், 20-ம் தேதி ஜிஎஸ்டி கட்டணும்" என்றால் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். 2பி வந்த மறுநாளே, தோராயமாக இருந்தாலும் ஒரு தொகையை எழுதிக் கொடுங்கள். கிரெடிட் போக 4 லட்சம் கட்ட வேண்டியிருந்து 10 நாள் தள்ளினால், ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சுமார் 1,970 ரூபாய், லேட் ஃபீ நாளுக்கு 50 வீதம் 500 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் டிடிஎஸ், அதாவது அடுத்தவருக்குப் பணம் கொடுக்கும்போது பிடித்துக் கட்டும் வருமான வரி, அப்படியல்ல. போன மாதம் பிடித்ததை 7-ம் தேதிக்குப் பதில் 8-ம் தேதி கட்டினால், பிடித்த மாதம் ஒன்று, கட்டிய மாதம் ஒன்று என்று இரண்டு மாத வட்டி விழும். மாதம் ஒன்றரை வீதம் 3 சதவீதம். ஒரு லட்சத்துக்கு ஒரே நாள் தாமதத்தில் 3,000 ரூபாய்! இந்தக் கணக்கைத் தாளில் எழுதி ஒருமுறை காட்டினால், நீங்கள் மெதுவா வேகமா என்ற பேச்சே எழாது. இன்னொன்று, சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் கம்பெனி என்றால் அதற்கு முன்பே வரிப் பணத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சம்பளம் போட்ட பிறகு கணக்கில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும்.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் 15-ம் தேதி. சம்பளக் கணக்கு முடிந்த கையோடு சலான் போட்டுவிடலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இதையும் கடைசி நாள் வரை வைத்திருந்தால், அதற்குக் காரணம் நீங்கள் மட்டும்தான்.

நாள் நடுவே வரும் இடைஞ்சல்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சாயங்காலம் லோடு ஏறும்போது, சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான ஈ-வே பில் கேட்பார்கள். லாரி வாசலில் நிற்கும்போது அதைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே ரிட்டர்ன் வேலையைக் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் அதைத் தொட்டால் நாலு முறை எழுந்து நாலு முறை முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். "மத்தியானம் வரை என்னைக் கூப்பிடாதீங்க" என்று முதலாளியிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், 10, 15, 18 ஆகிய தேதிகளுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். மாதத்தில் மூன்று காலைப்பொழுது என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

3பி-யை 18-ம் தேதியே போட்டுவிடுங்கள். 20 அன்று போர்ட்டல் திணறுவது உங்களுக்குப் புதிதல்ல. கடைசியாக ஒன்று. ரிட்டர்ன் போடும்போது ஓடிபி முதலாளியின் போனுக்குத்தான் போகும். அவர் அந்த வாரம் வெளிநாட்டில் பையரைப் பார்க்கப் போகிறாரா என்று மாதத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்றால் ஓடிபி செல்லாது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். அது எப்போது காலாவதி ஆகிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.