லாபம் காகிதத்தில், கடன் வங்கியில்

கேள்வி: பயிர், மாடு இரண்டும் வைத்து நடத்தும் குடும்பப் பண்ணை எங்களுடையது. மூன்று வருடமாக ஆடிட்டர் லாபம் என்றே காட்டுகிறார். ஆனால் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல், ஒரு வரம்பு வரை வங்கி எடுக்க விடும் கடன்) ஏறிக்கொண்டே போகிறது. போன வருடம் அதிலிருந்து எடுத்துத்தான் ட்ராக்டர் மாற்றினோம். மகனும் எங்களோடுதான் வேலை செய்கிறான். காசு எங்கே போகிறது?

பதில்: ஆடிட்டரைச் சந்தேகப்படாதீர்கள். அவர் போடுவது லாப நஷ்டக் கணக்கு. கடனுக்குக் கட்டும் வட்டி அதில் செலவாக ஏறும், அசல் ஏறாது. வீட்டுக்கு எடுப்பதும் ஏறாது. ட்ராக்டர் விலை தேய்மானம் என்ற பெயரில் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும்.

சும்மா ஒரு கணக்குக்கு, லாபம் 100 என்று வையுங்கள். தேய்மானமாகக் கழித்த 20 இந்த வருடம் கையை விட்டுப் போகாத பணம். அதைச் சேர்த்தால் 120. கட்டிய அசல் 50, வீட்டுக்கு எடுத்தது 55, ட்ராக்டருக்குக் கொடுத்தது 40. ஆக 145. துண்டு விழுந்த 25-ஐ ஓவர்டிராஃப்ட் கொடுத்திருக்கிறது.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பன்னிரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட். சிவப்புப் பேனாவை அவர்கள் கையிலேயே கொடுத்து, வீட்டுக்குப் போனதையெல்லாம் வட்டம் போடச் சொல்வேன். போன் பில், ஸ்கூல் ஃபீஸ், கார் டியூ என்று வட்டங்கள் விழ விழ, பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே பேச்சு நின்றுவிடும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

அப்புறம் ஒரு நாளைத் தேடுங்கள்: விளைச்சலை விற்ற பணம் முழுதும் வந்து சேர்ந்த மறுநாள். விதை, உரம், தீவனத்துக்காக எடுக்கும் ஓவர்டிராஃப்ட் அன்றைக்காவது பூஜ்யத்தைத் தொட வேண்டும், அல்லது கிட்டத்தில் வர வேண்டும். அன்றும், உதாரணத்துக்கு, 60 நிற்கிறது என்றால், அந்த 60 பருவக் கடன் இல்லை. பல வருடம் ஓடும் ட்ராக்டருக்கு, எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக்கூடிய பணத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பகுதியைத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லுங்கள். தவணை ட்ராக்டரின் ஆயுளுக்குள் முடிய வேண்டும். விற்பனைப் பணம் வரும் மாதங்களில் கட்டுவதாக இருக்கட்டும். அடுத்த பன்னிரண்டு மாதம் எந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வரம்பு முட்டுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். செக் திரும்பிய பிறகு போகிறவரிடம் மேனேஜர் பேசும் தொனியே வேறு. ஒரு எச்சரிக்கை: சிவப்பு வட்டங்கள் குறையாவிட்டால் காலியான ஓவர்டிராஃப்ட் மறுபடி நிரம்பும், அப்போது கடன் இரண்டு. இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

மகனை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அவனுக்குச் சம்பளம் எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால், அதே வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதை அந்த லாபத்தில் கழித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பதுதான் பண்ணை சம்பாதித்தது. சில வீடுகளில் ஒன்றுமே நிற்காது. பையனின் உழைப்பைத்தான் லாபம் என்று காட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்து உட்காரும்போது அவனையும் கூப்பிடுங்கள். ஓவர்டிராஃப்ட் இன்றைக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியுமா?