ஏசி வாங்கும் முன் மொட்டைமாடியைப் பாருங்கள்: கேள்வி பதில்

திருச்சியிலிருந்து: ஐயா, எங்களுடையது மேல்மாடி வீடு. பகலைவிட ராத்திரி பத்து மணிக்குத்தான் அனல் அதிகம். ஏசி வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலத்துக்கு மேல்தான் உள்ளே இறக்கும். அதற்குக் கீழே ஏசி மாட்டினால் அது தளத்தோடு மல்லுக்கட்டும், மீட்டர் ஓடும். முதலில் மொட்டைமாடியைக் கூட்டிக் கழுவி, மார்ச் பிறக்கும் முன்பே கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். கொஞ்சம் ஃபெவிகால் கலந்தால் சீக்கிரம் உதிராது. மழையில் கரைந்துபோகும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அது சிரமம் என்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட் இருக்கிறது. விலை கூடுதல், சில வருடம் தாங்கும். எதை அடித்தாலும் அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, மேலே தட்டு ஓடு பதித்தார்களே, அதுவும் சூட்டைத் தடுக்கத்தான். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிட்டு வெறும் கான்கிரீட்டோடு நிறுத்தும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதே நண்பர்: சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

சூடு குறையும்தான். ஆனால் கோடையில் குடம் குடமாகத் தண்ணீருக்கு எங்கே போவது? சுண்ணாம்பே மேல்.

கோவையிலிருந்து: மேற்குப் பக்க ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டும் அறை கொதிக்கிறது.

திரையில் படும்போதே வெயில் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டுங்கள்.

சென்னையிலிருந்து: சார், ஏர் கூலர் போட்டால் புழுக்கம்தான் கூடுகிறது.

கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. உங்கள் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், மேலும் எப்படி ஆவியாகும்? வேலூர் மாதிரி வறண்ட வெயில் அடிக்கும் ஊரில் நன்றாக வேலை செய்யும். அங்கும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

மதுரையிலிருந்து: அண்ணா, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் விலைக்குத் தகுமா?

எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. பழைய ஃபேன் சுமார் 75 வாட், இது 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மாற்றுங்கள். எப்போதாவது சுற்றும் விருந்தினர் அறை ஃபேன் அப்படியே இருக்கட்டும். உங்கள் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நின்றால் கட்டாயம் மாற்றுங்கள். அதைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றின் விலையும் சேர்ந்து ஏறும்.

சென்னையிலிருந்து: ஏசியை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

வேகம் பெரிதாக அதிகரிக்காது, கம்ப்ரஸர்தான் ஓயாமல் ஓடும். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுழல விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம். அப்புறம், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: எங்களுக்குக் குளிர்தான் பிரச்சினை. ஹீட்டர் பில் எகிறுகிறது.

2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் இழுக்கும். கதவடி இடைவெளியையும் ஜன்னல் ஓரங்களையும் அடையுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், படுக்கைக்கு வெந்நீர்ப் பை போதும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.