அண்ணன் வீட்டுக்கடன், தங்கையின் கிரெடிட் கார்டு

கேள்வி: டெக்சாஸில் ஒரு டே கேரில் இரண்டரை வருடமாக உதவி ஆசிரியையாக இருக்கிறேன். மணிக்கு 17 டாலர், வாரம் 35 மணி நேரம். கைக்கு மாதம் 2,150 டாலர் வருகிறது. வாடகையைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். மளிகை, கார் தவணை, இன்ஷூரன்ஸ், பையனின் செலவு என்று 1,500 டாலர் என் பொறுப்பு. ஊரில் அண்ணன் 8.5% வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனுக்கு மாதம் 600 டாலர் அனுப்புகிறேன். என் கல்யாணத்துக்கு அவர்தான் கடன்பட்டார், மறுக்க முடியவில்லை. சம்பளம் போதாத மாதங்களில் ஆப் வழியாக கிரெடிட் கார்டிலிருந்தே அனுப்பிவிடுவேன். கார்டில் இப்போது 6,400 டாலர் பாக்கி, 24% வட்டி. மினிமம் தொகை 190 கட்டிவருகிறேன். அந்தப் பாக்கியில் 1,900 டாலர், போன வருடம் ஆன்லைனில் 120 மணி நேர சைல்ட் கேர் டிப்ளமோ படித்ததற்கு. படித்தும் சம்பளம் ஏறவில்லை. இப்போது அதே கம்பெனி 3,600 டாலருக்கு டைரக்டர் (டே கேர் மையத்தின் நிர்வாகி) சர்டிஃபிகேட் பேக்கேஜ் ஒன்றைச் சொல்கிறது. 15% வட்டியில் 10,000 டாலர் பர்சனல் லோன் எடுத்து, கார்டையும் அடைத்து, இதிலும் சேர்ந்துவிடட்டுமா? தெரிந்தவர் ஒருவர் ஐயுஎல் (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசி போடச் சொல்கிறார். பின்னால் அதிலிருந்தே கடன் எடுக்கலாமாம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடிதம் முழுக்க சர்டிஃபிகேட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பணம் ஒழுகுவது அங்கே இல்லை. நீங்களே எழுதிய எண்களைக் கூட்டிப் பாருங்கள். வீட்டுக்கு 1,500, அண்ணனுக்கு 600, கார்டுக்கு 190. மொத்தம் 2,290. வருவது 2,150. மாதாமாதம் 140 டாலர் துண்டு விழுகிறது, அது கார்டில் ஏறுகிறது. நீங்கள் கட்டும் 190-இல் 128 டாலர் வட்டிக்கே போய்விடுவதால், அசலில் கழிவது அறுபது சொச்சம்தான். அதாவது ஒழுங்காகக் கட்டிக்கொண்டே கடனை வளர்க்கிறீர்கள்.

இன்னொரு கணக்கு. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு நூறு டாலரும் அண்ணனுக்கு வருடத்தில் எட்டரை டாலர் வட்டியை மிச்சப்படுத்துகிறது. அதே நூறு டாலர் உங்கள் கார்டில் பாக்கியாக நிற்பதால் உங்களுக்கு 24 டாலர் செலவு. குடும்பம் என்று சேர்த்துப் பார்த்தால் இதில் லாபம் பார்ப்பது கார்டு கொடுத்த வங்கி மட்டும்தான். போதாத மாதத்தில் கார்டிலிருந்தே அனுப்புவது இன்னும் மோசம். பல வங்கிகள் அதை கேஷ் அட்வான்ஸ், அதாவது கார்டிலிருந்து எடுக்கும் ரொக்கக் கடன் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் அனுப்பிய நாளிலிருந்தே ஓடும், பெரும்பாலும் வழக்கமான வட்டியைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஸ்டேட்மென்ட்டை எடுத்து அந்த வரியைத் தேடுங்கள். இந்தப் பழக்கத்தை இந்த மாதமே விட்டுவிடுங்கள்.

அண்ணனுக்கு அனுப்புவதை ஒரு வருடம் நிறுத்தினால் கார்டுக்கு மாதம் 650 டாலர் கட்டலாம். தோராயமாக 11 மாதத்தில் பாக்கி தீர்கிறது, 12-வது மாதத்துக்கு ஐம்பது டாலர் போல மிஞ்சும். மொத்த வட்டிச் செலவு 800 டாலருக்குள். அண்ணனிடம் பேசுவது சங்கடம்தான், தெரிகிறது. ஆனால் “முடியாது” என்று சொல்லச் சொல்லவில்லை, “ஒரு வருடம் கழித்து” என்று சொல்லச் சொல்கிறேன். வங்கியில் கேட்டுக் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று அவர் பார்க்கட்டும். ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடன் என்றால், முன்கூட்டி அசலைக் கட்ட இந்திய வங்கிகள் அபராதம் போடுவதில்லை. உங்கள் கார்டு தீர்ந்த பிறகு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் அது நேராக அசலில் கழியும். கல்யாணக் கடனுக்கு நன்றிக்கடன் என்கிறீர்கள், சரி. அதை 24% வட்டிக்கு வாங்கித் தீர்க்க வேண்டும் என்று உங்கள் அண்ணனே கேட்க மாட்டார். கார்டு விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அந்த வரியைக் காணோம்.

பர்சனல் லோன் விஷயம். 10,000 டாலர், 15%, மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 347. வீட்டுக்கு 1,500, அண்ணனுக்கு 600, இது 347. மொத்தம் 2,447. இப்போது 140 துண்டு விழும் இடத்தில் 300 விழும். அடைத்துக் காலியாக்கிய கார்டுதான் மறுபடி அந்த 300-ஐத் தாங்கும். வட்டி விகிதம் குறைகிறதே என்று மட்டும் பார்த்து இதில் இறங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இனி சர்டிஃபிகேட். டிப்ளமோ படித்தும் சம்பளம் ஏறாததற்குக் காரணம், உங்களிடம் இருப்பது படித்து முடித்ததற்கான சான்று மட்டும். அது சிடிஏ, அதாவது சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கான சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட் தகுதி கிடையாது. அதைக் கொடுப்பது கவுன்சில் ஃபார் புரொஃபஷனல் ரெக்கக்னிஷன் என்ற அமைப்பு. 120 மணி நேரப் பயிற்சி அதற்கு ஒரு படி. அந்தப் பயிற்சி எட்டுப் பாடப்பிரிவுகளில் பரவியிருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மணி நேரம். உங்கள் சான்றில் அந்தப் பிரிவு வாரிக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். அப்புறம் விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் 480 மணி நேரம், நீங்கள் விண்ணப்பிக்கும் வயதுப் பிரிவுக் குழந்தைகளோடு வேலை செய்திருக்க வேண்டும். வாரம் 35 மணி நேரம் என்றால் 14 வாரத்திலேயே முடிகிற விஷயம், நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். மீதி இருப்பது போர்ட்ஃபோலியோ, பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள்கள், வகுப்பறைக்கு நேரில் வந்து பார்க்கும் நிபுணர், கணினித் தேர்வு. விண்ணப்பக் கட்டணம் சில நூறு டாலர். 1,900 டாலர் கொடுத்துக் கடைசி வாசற்படி வரை வந்துவிட்டு, உள்ளே போகாமல் பக்கத்து வீட்டுக்கு 3,600 கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

அந்தச் சில நூறு டாலரும் முழுதாக உங்கள் கையிலிருந்து போக வேண்டியதில்லை. டீச் என்று சொல்லப்படும் உதவித்தொகைத் திட்டம் 1990-இல் நார்த் கரோலினாவில் தொடங்கியது. இப்போது டெக்சாஸிலும் உண்டு. செலவில் ஒரு பங்கைத் திட்டமும் ஒரு பங்கை முதலாளியும் ஏற்பார்கள், உங்கள் பங்கு சிறியது. பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் அதே மையத்தில் வேலை செய்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். கணவரின் வேலை காரணமாக ஊர் மாறும் யோசனை இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த விதியை நன்றாகப் படியுங்கள். உங்கள் பகுதி ஒர்க்ஃபோர்ஸ் போர்டிலும் (வேலைவாய்ப்பு, பயிற்சி உதவிகளைக் கவனிக்கும் உள்ளூர் அமைப்பு) கேளுங்கள், குழந்தைப் பராமரிப்புத் தரத்துக்கென்று வரும் பணத்தில் இப்படிப்பட்ட உதவி கிடைப்பதுண்டு. சிடிஏ மூன்று வருடம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

டைரக்டர் ஆசை தவறில்லை. 2024 மே மாத அரசுக் கணக்குப்படி டே கேர், பிரீஸ்கூல் டைரக்டர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 56,000 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். நீங்கள் வாங்குவது பிடித்தம் போவதற்கு முன் சுமார் 31,000. ஆனால் யார் டைரக்டர் ஆகலாம் என்பதை முடிவு செய்வது மாநில உரிம விதி, பேக்கேஜ் விற்கும் கம்பெனி இல்லை. ஃப்ளோரிடாவில் இதற்கென்றே தனிச் சான்று இருக்கிறது, இல்லினாயில் வேறொன்று. டெக்சாஸில் ஏற்கப்படும் வழிகள் பல. அவற்றில் ஒன்று சிடிஏ, அதோடு நிர்வாகப் பாடத்தில் ஆறு கல்லூரி கிரெடிட், உரிமம் பெற்ற மையத்தில் இரண்டு வருட அனுபவம். ஆறு கிரெடிட் என்பது கம்யூனிட்டி காலேஜில் இரண்டே பாடம். அந்தக் காலேஜின் மாவட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு 3,600-இல் சிறு பகுதிதான் ஆகும், வரிச் சலுகைக்கும் வாய்ப்பு உண்டு. அந்தப் பேக்கேஜ் மாநிலம் ஏற்கும் சான்றா என்று மாநில அரசின் ஹெல்த் அண்ட் ஹியூமன் சர்வீசஸ் துறையின் உரிமப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பவர் வாய்ப்பேச்சு செல்லாது. இன்னொன்று, ஒரு மையத்துக்கு டைரக்டர் ஒருவர்தான். தகுதி வந்த மறுநாள் நாற்காலி காலியாக இருக்காது.

ஐயுஎல் பாலிசி பற்றி ஒரே வரி. கார்டில் 24% பாக்கி வைத்திருப்பவரிடம் அதை விற்க வருகிறவர் உங்கள் நன்மைக்காக வரவில்லை, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சிடிஏ விண்ணப்பம் போடுவதற்கு முன் மைய உரிமையாளரிடம் உட்கார்ந்து, தகுதி வந்தால் மணிக்கு எவ்வளவு கூட்டுவீர்கள் என்று கேளுங்கள். ஒரு டாலர் கூட்டினால் வருடத்துக்கு 1,820 டாலர். ஐம்பது சென்ட் என்றாலும் 910, விண்ணப்பக் கட்டணம் முதல் வருடத்திலேயே திரும்பிவிடும். ஒன்றும் கூட்ட மாட்டேன் என்றால், சிடிஏ உள்ளவர்களுக்குப் பக்கத்து மையங்கள் என்ன கொடுக்கின்றன என்று விசாரித்துவிட்டு, அதன் பிறகே இதே மையத்தில் இருப்பதாகச் சொல்லும் அந்த உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா என்று முடிவு செய்யுங்கள்.