பீட் பெஸ்ட்டை ஏன் அனுப்பினார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

லிவர்பூல் இசைக்குழுவான பீட்டில்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், ரிங்கோ ஸ்டாருக்கு முன்னால் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் 'வாசிப்பு போதாமல் நீக்கப்பட்டார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் நம் மெட்ராஸில் பிறந்தவர் என்பதைக்கூடச் சொல்லவில்லை. ரசிகைகள் எல்லாம் அவர் பக்கம் போனதால் மற்றவர்களுக்குப் பொறாமை என்கிறார்கள். தலைமுடியை அவர்களைப்போல வைத்துக்கொள்ள மறுத்தார் என்கிறார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்தான் அனுப்பச் சொன்னார் என்றும் படித்தேன். எது உண்மை? இன்னொன்று: 'ரிங்கோ பீட்டில்ஸிலேயேகூடச் சிறந்த டிரம்மர் இல்லை' என்று ஜான் லென்னன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்காகவா பீட்டை அனுப்பினார்கள்?

க. ச.,
ஈரோடு

அன்புள்ள க. ச.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் தப்பு என்னுடையது. லென்னன் அப்படிச் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. தேடிப்போனவர்களுக்குக் கிடைத்தது 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நகைச்சுவைக்காரர்கள் அடித்த ஜோக்தான். லென்னனோ 1980 டிசம்பரிலேயே கொல்லப்பட்டுவிட்டார். ஊரெல்லாம் சொல்கிறதே என்று நானும் எடுத்துப் போட்டுவிட்டேன். கட்டுரையிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

மெட்ராஸ் விஷயம் சரி. பீட் 1941 நவம்பர் 24 அன்று அங்கே பிறந்தார். ஆனால் 1945-இலேயே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. நான்கு வயதில் போனவரை நம்மவர் என்று கொண்டாட எனக்குக் கொஞ்சம் கூச்சம். எனக்கு அவரைவிட அவருடைய அம்மா மோனா மேல்தான் ஆர்வம். டெல்லியில் பிறந்த அந்த அம்மாள் லிவர்பூலில் தன் வீட்டு நிலவறையில் 1959 ஆகஸ்ட் 29 அன்று காஸ்பா என்ற காபி கிளப்பைத் திறந்தார். முதல் நாள் வாசித்தது பின்னாளில் பீட்டில்ஸ் ஆன குவாரிமென் குழு: லென்னன், மெக்கார்ட்னி, ஹாரிசன், கூடவே கென் பிரௌன். நான்கு பேரும் கிடார். டிரம்ஸ் கிடையாது. அந்த நாட்களில் யாராவது டிரம்மர் எங்கே என்று கேட்டால், 'தாளம் கிடாரிலேயே இருக்கிறது' என்று சமாளிப்பார்களாம்.

இந்தப் பஞ்சம் தெரிந்தால்தான் பீட் எப்படி உள்ளே வந்தார் என்பது புரியும். 1960 மே மாதம் டாமி மூர் என்பவரை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப்போனார்கள். வழியில் வேன் மோதியதில் அவருக்குப் பல் போனது. திரும்பி வந்தவர் பாட்டில் தொழிற்சாலை வேலையே போதும் என்று கழன்றுகொண்டார். ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வாசிக்க வாய்ப்பு வந்தது. டிரம்மர் இல்லாமல் போக முடியாது. காஸ்பாவில் பீட் இருந்தார், சொந்தமாக டிரம் செட்டும் இருந்தது. 12-ஆம் தேதி வாசித்துக் காட்டினார், 17-ஆம் தேதி ஹாம்பர்க் மேடையில் இருந்தார். பெண் பார்த்து முடித்த கல்யாணம் இல்லை இது. முகூர்த்தம் தவறிவிடுமே என்று கட்டிய தாலி.

இனி அந்த மூன்று காரணங்கள். முடி பற்றி யாரும் தன்னிடம் கேட்டதே இல்லை என்று பீட்டே சொல்லியிருக்கிறார், அதை விட்டுவிடலாம். பொறாமை? பீட் அழகர், ரசிகைகள் அவருக்காகக் கூச்சல் போட்டார்கள், எல்லாம் உண்மைதான். அதனால்தான் அனுப்பினார்கள் என்பது பீட்டின் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களின் ஊகம்.

ஜார்ஜ் மார்ட்டின் கதையில்தான் சிக்கல். 1962 ஜூன் 6 அன்று இ.எம்.ஐ. என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டூடியோவில், பீட் டிரம்ஸ் வாசிக்க, நான்கு பாட்டு பதிவானது. ரெக்கார்டுக்கு வேறு டிரம்மரை வைத்துக்கொள்கிறேன் என்றுதான் மார்ட்டின், பீட்டில்ஸின் மேனேஜரான பிரையன் எப்ஸ்டைனிடம் சொன்னார். மேடைக்கு ஒருவர், ஸ்டூடியோவுக்கு ஒருவர் என்பது அன்றைக்கு அங்கே சாதாரணம். சரி, அந்த ஒரு பேச்சே பீட்டுக்கு உலை வைத்தது என்றால் ரிங்கோவுக்கும் வைத்திருக்க வேண்டுமே? செப்டம்பர் 4-ஆம் தேதி ரிங்கோ வாசித்து 'லவ் மீ டூ' பதிவானது. அதுவும் பிடிக்காமல் 11-ஆம் தேதி ஆண்டி வைட் என்ற ஸ்டூடியோ கலைஞரை உட்காரவைத்து மறுபடி எடுத்தார்கள். ரிங்கோ கையில் டாம்பரின் என்ற சலங்கை கோத்த கைவாத்தியத்தைக் கொடுத்தார்கள். அவரை யாரும் அனுப்பவில்லை. ஆகவே மார்ட்டினின் பேச்சு சாக்கு என்றுதான் நான் நினைக்கிறேன். பீட் வராத நாட்களில் ரிங்கோ வந்து வாசித்திருக்கிறார், அது மற்ற மூவருக்கும் பிடித்துப் போயிருக்கிறது. ரிங்கோவைக் கொண்டுவர வேலை செய்தது தான்தான் என்று ஹாரிசன் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அனுப்பிய விதம்தான் அசிங்கம். 1962 ஆகஸ்ட் 16 அன்று எப்ஸ்டைன் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு வருடம் கூடவே வாசித்த மூவரில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. நாங்கள் கோழைகள், பிரையனைச் சொல்ல வைத்தோம் என்று லென்னன் பின்னால் சொன்னார். ரசிகர்கள் சும்மா விடவில்லை. அவர்கள் வழக்கமாக வாசிக்கும் லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் ஹாரிசனுக்குக் கண் வீங்கியது.

வாசிப்பு போதவில்லை என்ற என் வரியை மட்டும் நான் மாற்றப் போவதில்லை. ஜூன் 6 பதிவு தொலைந்துவிட்டது என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். அதிலிருந்த 'லவ் மீ டூ' 1995-இல் பழைய பதிவுகளின் தொகுப்பில் வெளிவந்தது. பீட் வாசித்த பத்துப் பாட்டு அந்தத் தொகுப்பில் உண்டு. ராயல்டியாக அவருக்கு நல்ல பணமும் வந்தது. கேட்டுப் பாருங்கள். பாட்டின் நடுவே நடை மாறுகிற இடத்தில் காலப்பிரமாணம் ஆடிப்போகிறது. மற்றவர்கள் அவரைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

அதைக் கேட்ட கையோடு செப்டம்பர் பதிவுகள் இரண்டையும் கேளுங்கள். ஒரே பாட்டு, மூன்று டிரம்மர். எது யார் என்று குழம்பினால் ஒரு அடையாளம்: கஞ்சிராவின் சலங்கை போல டாம்பரின் சத்தம் கேட்டால் டிரம்ஸில் இருப்பவர் ஆண்டி வைட். அந்தச் சலங்கைதான் ரிங்கோ.