குதிகாலில் விழும் ஓட்டை: சாக்ஸ் வகுப்புக்குப் போகும் முன்

குன்னூர் வாசகி ஒருவரின் கேள்வி: "மஃப்ளர், குல்லா எல்லாம் பின்னுவேன். வீடியோ பார்த்துச் சாக்ஸ் பின்னினால் கணுக்கால் வரை நன்றாக வருகிறது. குதிகால் திரும்பியதும் இரண்டு பக்கமும் ஓட்டை விழுகிறது. இங்கே ஒருநாள் நேரடி வகுப்பு நடக்கப் போகிறது. சேரலாமா?"

தயங்காமல் சேருங்கள். நூலை எங்கே தளர விடுகிறீர்கள் என்பதை, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். கண்ணி ஏற்றி, கணுக்கால் வரை பின்னுவதிலேயே பாதி நாள் போய்விடும். அதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போங்கள்.

மெல்லிய சாக்ஸ் நூல் அன்றைக்கு வேண்டாம். தடித்த, வெளிர் நிற உல்லன் நூல், 4 மி.மீ. ஊசி, 32 கண்ணிகள்: ஒரு குட்டி சாக்ஸ். கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது.

இனி அந்த ஓட்டை. 32இல் பாதி, அதாவது 16 கண்ணிகளில் மட்டும் 16 வரிசை பின்னி ஹீல் ஃபிளாப், அதாவது குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டை, எடுக்கிறோம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றுவதால் ஓரத்துக்கு 8 வளையங்கள் கிடைக்கும். குதிகாலைத் திருப்பி முடித்தால் 16 கண்ணி 10 ஆகும். பிறகு இரு ஓரங்களிலும் எட்டெட்டு எடுக்கிறோம். ஃபிளாப்பும் மேல்பாதமும் சந்திக்கும் மூலையில் நூல் இழுபட்டு நிற்கும். உங்கள் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். அந்தக் குறுக்கு நூலைத் தூக்கி, முறுக்கி, கூடுதலாக ஒரு கண்ணியாகப் பின்னுங்கள். இரு பக்கமும் இப்படிச் செய்தால், மேல்பாதத்தில் காத்திருக்கும் 16 கண்ணியையும் சேர்த்து மொத்தம் 44 கண்ணி வரும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் பக்கத்துக்கு ஒன்று குறைத்தால், ஆறு முறையில் மறுபடி 32. முறுக்காமல் பின்னினால் அந்தக் கண்ணியே புது ஓட்டையாகிவிடும். ஆசிரியர் பார்க்க இந்த மூலையை இரண்டு முறை பிரித்துப் பின்னுங்கள். பிரிக்கக் கூச்சப்படவே வேண்டாம்.

ஃபிளாப் இல்லாமல், வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்பிப் பின்னும் 'ஷார்ட் ரோ' குதிகாலும் உண்டு. அதில் 'ஜெர்மன் ஷார்ட் ரோ' முறையைக் கேட்டுப் பழகுங்கள். திரும்பும் இடத்தில் நூலை மேலே இழுத்து ஒரு கண்ணியை இரட்டையாக்குவார்கள், இடைவெளி அடைபட்டுவிடும். எனக்கென்னவோ, குதிகால் உயரமான பாதத்துக்கு ஃபிளாப்தான் வசதி.

நான்கைந்து சிறு ஊசிகள் கையில் தடுமாறினால் 80 செ.மீ. வட்ட ஊசியில் 'மேஜிக் லூப்' (ஒரே நீள ஊசியின் கம்பியை வளைத்து வெளியே இழுத்து, சிறு சுற்றைப் பின்னும் முறை) கேளுங்கள். ஊசி மாறும் இடத்தில் ஏணிபோல் கோடு விழுந்தால் முதல் கண்ணியை விட இரண்டாவதை இறுக்கிப் பாருங்கள்.

நிஜ சாக்ஸுக்கு, 75 சதம் மெரினோ கம்பளி, 25 சதம் நைலான் கலந்த நூல் நல்லது. நைலான் இல்லாவிட்டால் குதிகால் சீக்கிரம் தேயும். பாதச் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துப் பின்னுங்கள். 22 செ.மீ. பாதத்துக்கு ஏறக்குறைய 20 செ.மீ.; 10 செ.மீ.க்கு 32 கண்ணி வரும் கையானால் 64 கண்ணி.

விரல் நுனியை மூடும் 'கிச்சனர்' தையல் வழக்கமாக மாலையில், எல்லாரும் களைத்த பிறகுதான் வரும். மதியமே ஒரு சிறு துண்டில் காட்டச் சொல்லுங்கள். ஃபிளாப் வரிசைகளின் எண்ணிக்கையை அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டாவது சாக்ஸுக்கு அதே எண் வேண்டும்.