ஓய்வெடுத்தும் அசதி தீரவில்லையே, ஏன்?

கேள்வி: வார நாட்களில் 6 மணிக்கு எழுகிறேன். ஞாயிறன்று 10 மணிவரை தூங்குகிறேன். திங்களன்று அசதி இன்னும் கூடுகிறதே?

பதில்: விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போதுமான அளவு சேர்ந்தால்தான் கண் சொருகும். ஞாயிறு 10 மணிக்கு எழுந்தவருக்கு அன்றிரவு 10 மணிக்குத் தூக்கம் பிடிக்காது. திங்கள் காலையிலோ 6 மணிக்கே எழுந்தாக வேண்டும். விடுமுறையிலும் எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். தூக்கம் பாக்கி இருந்தால் முந்தின இரவு சீக்கிரம் படுங்கள். இல்லையென்றால் மதியம் 3 மணிக்குள் 20 நிமிடம் தூங்குங்கள். அலாரம் கட்டாயம். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழ நேரும். தலை பாரமாகி வெகுநேரம் எதுவும் ஓடாது.

கேள்வி: ஓய்வுக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் தனியே இருந்தேன். தலைவலி, எரிச்சல், ஆபீஸ் நினைப்பு. அடுத்த முறை என்ன செய்யலாம்?

பதில்: நாளுக்கு நான்கைந்து காபி குடிப்பவராக இருந்தால் தலைவலிக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். சட்டென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். முதல் இரண்டு நாள்தான் உச்சம். உங்கள் ஓய்வு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். பத்து நாள் முன்பிருந்தே, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கப் வீதம் குறைத்து வாருங்கள்.

ஆபீஸ் நினைப்பு அதைவிடப் பிடிவாதமானது. பாதியில் நிற்கும் வேலையை மனம் விடாது. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நிலுவையில் உள்ள ஒவ்வொன்றையும் தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே அடுத்து செய்ய வேண்டியது என்ன, யார் பார்த்துக்கொள்வார் என்று குறியுங்கள். அவசரம் என்றால் ஒரே ஒருவர்தான் உங்களை அழைக்கலாம். அவர் எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒலியடக்கிவிடுங்கள். "ஒரே ஒரு ஃபைல்தானே" என்று லேப்டாப்பை எடுத்துப் போவதுதான் பலருடைய ஓய்வையும் கெடுக்கிறது.

முதல் அரை நாளுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். எரிச்சல் அப்போதுதான் அதிகம் இருக்கும். அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். காலை மாலை அரை மணி நேர நடை, நேரத்துக்குச் சாப்பாடு போதும். திரும்பி வந்ததும் அரை நாள் காலியாக இருக்கட்டும்.

நீண்ட நாள் மௌன முகாம்களில் எடுத்த எடுப்பில் சேர வேண்டாம். மனச்சோர்வோ பதற்ற நோயோ இருப்பவர்களுக்குத் தனிமை பாதிப்பைக் கூட்டலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அம்மாவை நான்தான் கவனிக்கிறேன். வெளியூர் போக வழியில்லை.

பதில்: வாரம் இருமுறை 90 நிமிடம், வேறொருவர் முழுப் பொறுப்பேற்கட்டும். அந்த நேரம் வீட்டுக்குள் இருக்காதீர்கள். அடுத்த அறையில் படுத்தாலும் காது அம்மாவின் குரலுக்கே காத்திருக்கும். மாத்திரை நேரம், மருத்துவர் எண் எல்லாம் சுவரில் ஒட்டியிருந்தால் உங்களுக்கு அழைப்பு வராது. இந்த உதவியைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். நீங்கள் விழுந்தால் அம்மாவுக்கும் ஆள் இல்லை.

கேள்வி: எட்டு மணி நேரம் தூங்கியும் நாள் முழுக்கச் சோர்வு?

பதில்: இரண்டு மூன்று வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருப்பதாக வீட்டார் சொன்னால் அதையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.