மேப்பிள் மரத்தில் செந்நீர் வடிகிறதா? தார் பூசாதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் அழகுக்கு வைத்த மேப்பிள் மரத்தின் அடிப்பக்கம் செம்பழுப்பாகச் சாறு வடிகிறது. தோட்டக்காரர் தார் பூசலாம் என்கிறார். மர வியாபாரி ஒருவர், "உள்ளே அழுகிப்போச்சு, வெட்டிடுங்க, பர்மிட் நான் வாங்கித் தர்றேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வியாபாரியை அனுப்பிவிடுங்கள். பட்டையில் வடிகிற சாற்றைப் பார்த்து உள்மரம் அழுகிவிட்டதென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மரத்துக்கு வாங்கிய அனுமதியில் பக்கத்துச் சில்வர் ஓக்கும் லாரி ஏறிவிடும். மலைப்பகுதியில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியை மீறி வெட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நிலத்துக்குச் சொந்தக்காரரான நீங்கள். மரத்தை வெட்ட மனு கொடுக்க வழி இருக்கிறது, நோய் வந்த மரத்தை நேரில் பார்த்து வைத்தியம் சொல்லத்தான் ஆளில்லை. புரோக்கர்கள் பிழைப்பதே இதனால்தான்.

சுத்தமான கத்தியால் கசியும் இடத்தில் விரல் நக அளவு பட்டையைச் சீவிப் பாருங்கள். உள்பட்டை செங்கல் நிறத்தில் செத்து, ஓரம் பாசிப்பச்சையாகத் தெரிந்தால் பெரும்பாலும் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமிதான். உங்கள் ஊர் உருளைக்கிழங்கைக் கருக்கும் பின்பருவ இலைக்கருகலின் பங்காளி இது. மண்ணில் தண்ணீர் தேங்கினால் பெருகி, அடிமரக் காயங்கள் வழியாக ஏறும்.

தார் யோசனை தென்னையிலிருந்து வந்தது. தென்னையின் சாறு வடிதல் நோய்க்குக் காரணமான கிருமி வேறு, மருந்தும் வேறு. இங்கே தார் பூசினால் புண் மறையும், உள்ளே பரவுவது கண்ணுக்குத் தெரியாது. கடையில் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சை இல்லை, அந்த மருந்து அதைத் தொடாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பனிக்காலம் முடியும் தறுவாயில் கிளை கழித்தால் மேப்பிள் வெட்டுவாயிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டும். நிறமிருக்காது, வெட்டிய இடத்தில் மட்டும் வரும், இலை விட்டதும் நின்றுவிடும். அது நோயே இல்லை. அதற்குப் பயந்து மருந்தடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை இலை நன்றாக விரிந்த பிறகு கழியுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அடிமரத்தைச் சுற்றி அணைத்த மண்ணையும் தழையையும் விலக்கி, வேர் பிரியும் கழுத்து வெளியே தெரியும்படி விடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தண்ணீர் வெளியேற வாய்க்கால் எடுங்கள். பாதி வைத்தியம் இதுதான். புண் சிறிதென்றால் வெயில் நாளில் நல்ல பட்டை வரும்வரை செதுக்கி போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள். கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். மிளகுக்கு ஊற்றும் பொட்டாசியம் பாஸ்போனேட்டையும் லேபிளில் உள்ள அளவில் கொடுத்துப் பார்க்கலாம். பரவுவதைத் தடுக்கும், செத்த பட்டையை உயிர்ப்பிக்காது.

அடிமரச் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை செத்திருந்தால் மட்டும் வெட்ட மனு கொடுங்கள், நீங்களே நேரில் போய். அந்தக் குழியில் மறுபடி மேப்பிள் வைக்காதீர்கள்.